தூண்டில் கேள்விகள்: வீசும்போதே ஒடிகிற ராடுகள்

போன இதழில் மஸ்கி மீனைப் பற்றிப் போகிறபோக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே புலம்பல். மீன் இழுத்து ராடு (தூண்டில் கோல்) ஒடிந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. லூரை, அதாவது கொக்கி வைத்த பொய் இரையை, வீசும்போதே ஒடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இதே பேச்சு.

மஸ்கி தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் இருக்கும் நன்னீர் மீன். நம் சீலா மாதிரி நீள உடம்பு, வாத்து அலகு மாதிரி வாய், அதற்குள் நிறையப் பல். நான்கடிக்கு மேலும் வளரும். பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று மாட்டும் என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. மற்ற மீனுக்கு நாம் வீசுகிற லூர் கால் அவுன்ஸ், அரை அவுன்ஸ் இருக்கும். இதற்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று அவுன்ஸிலிருந்து ஆரம்பம். ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம் சொச்சம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், என்னுடையது எட்டடி ராடு. அதன்மேல் 2–6 அவுன்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. நான் வீசியது 5 அவுன்ஸ் ரப்பர் லூர், 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல். வாங்கிய பிறகு மூன்றாவது தடவையாக மினடோங்கா ஏரிக்குப் போனேன். வீசிய வேகத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பாதி ராடு கையில், பாதி நூலில் தொங்குகிறது. மீனும் இல்லை, பாசியிலும் மாட்டவில்லை. கடைக்காரர் "நீங்கள் ஏதோ செய்திருக்கிறீர்கள்" என்கிறார். 6 போட்டிருக்கும் ராடில் 5 வீசியது தப்பா? — ஈடன் ப்ரெய்ரி வாசகர்

பதில்: 5 வீசியது தப்பில்லை. ஆனால் நீங்கள் இரண்டு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ராடு எந்த இடத்தில் ஒடிந்தது? அந்த நொடியில் ரீலிலிருந்து, அதாவது நூல் சுற்றும் கருவியிலிருந்து, நூல் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுபோயிருந்ததா? இவை தெரியாமல் தீர்ப்புச் சொல்ல எனக்கும் முடியாது, உங்கள் கடைக்காரருக்கும் முடியாது.

என் கதையைக் கேளுங்கள். 2014 அக்டோபரில் மில் லாக்ஸ் ஏரிக்குப் போயிருந்தேன். காலையில் மூன்றாவது வீச்சு. டப்! கைப்பிடிக்கு மேலே இரண்டடி தாண்டி ராடு துண்டாகிவிட்டது. கம்பெனிக்கு ஃபோன் போட்டு என் ஆங்கிலத்தில் எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவு போட்டேன். அவர்கள் வாதாடவில்லை. அனுப்பும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு ராடு அனுப்பினார்கள். அடுத்த ஜூலையில் அதுவும் போயிற்று. இந்தத் தடவை ஃபோன் போட வெட்கமாக இருந்தது.

முதல் ராடின் அடித்துண்டு கொல்லையில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அதைப் பிடுங்கி வந்து, புதிதாக ஒடிந்ததன் பக்கத்தில் கராஜ் தரையில் கிடத்தி டேப் பிடித்தேன். இரண்டும் கைப்பிடி முடிகிற இடத்திலிருந்து 27 அங்குலத்தில் ஒடிந்திருந்தன. கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. இரண்டு ராடு ஒரே இடத்தில் ஒடிந்தால் குற்றவாளி ராடு இல்லை. வேறொரு ராடை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். வழக்கமாக வைக்கும் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினேன். மூடியின் அலுமினிய விளிம்பு சரியாக அந்த 27-ஆவது அங்குலத்தில் வந்து உட்கார்ந்தது. படகு அலையில் குதிக்கும்போதெல்லாம் அந்த விளிம்பு ராடைக் கொத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ராடைக் கொன்றது பெட்டிக்குள். அது செத்தது வீச்சில், அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்றால், இப்போது வருகிற மஸ்கி ராடுகளில் பெரும்பாலானவை கார்பன் நார்க் குழாய்கள். பசையில் தோய்ந்த கார்பன் நார்த் துணியை இரும்புக் கம்பியில் சுற்றி, சூடேற்றி இறுக்கி, கம்பியை உருவிவிடுவார்கள். நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். வளைத்தால் அப்படித் தாங்கும். பக்கவாட்டில் கொத்தினால் தாங்காது. மூங்கிலும் வெற்றுக் குழாய்தானே என்று கேட்பீர்கள். மூங்கிலுக்குள் கணு இருக்கிறது. வளைக்கும்போது குழாய் நசுங்கித் தட்டையாகாமல் அந்தக் கணுதான் பிடித்துக்கொள்கிறது. கார்பன் ராடுக்குக் கணு கிடையாது. வளையும்போது அதன் உருண்டை வடிவம் கொஞ்சம் முட்டை வடிவமாகிறது. வளைவின் உள்பக்கத்துச் சுவர் நசுக்கலை வாங்குகிறது. அந்தச் சுவரில் முன்பே ஒரு சின்ன நசுங்கல் இருந்தால் போதும். மேலே வார்னிஷ் பளபளவென்றுதான் இருக்கும்.

எனவே முதலில் ஒடிந்த வாயைப் பாருங்கள். கத்தியால் வெட்டியது மாதிரி நேராக, சுத்தமாக ஒடிந்திருந்தால் பெரும்பாலும் பழைய காயம். கரும்பைத் திருகிப் பிய்த்த மாதிரி நார்நாராக நீளத்துக்குக் கிழிந்திருந்தால் அளவுக்கு மீறிய சுமையாக இருக்கலாம். காயம் எப்போது பட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். லூரை ராடில் நூல் நுழைந்து போகும் கைடு வளையத்திலேயே மாட்டிக்கொண்டு காரில் போனீர்களா? 5 அவுன்ஸ் லூர், மூன்று பெரிய கொக்கி, மேடுபள்ளச் சாலை. வழி நெடுக ராடின்மேல் சுத்தியல் ஓடிக்கொண்டே வந்திருக்கும். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் போனீர்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

இனி இரண்டாவது கேள்வி, நூல் ஓடியதா நின்றதா. ராடு வீசுவதால் ஒடிவது குறைவு. வீசியது பாதியில் நிற்பதால் ஒடிவதுதான் அதிகம். உங்கள் 5 அவுன்ஸ் லூர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரைக் கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் எவ்வளவு அடி விழுமோ, அவ்வளவு சக்தி அதில் இருக்கிறது. அது பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தால் யாருக்கும் வலியில்லை. ஆனால் ரீலில் பேக்லாஷ் விழுந்து, அதாவது லூர் போகிற வேகத்தைவிட ரீல் வேகமாகச் சுற்றி, நூல் சிக்குண்டு சட்டென்று நின்றால் அந்த அடியை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? பழைய நைலான் நூல் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும். பிரெய்டு கிட்டத்தட்ட இழுபடவே இழுபடாது. மெல்லிய நூலாக இருந்தால் அறுந்து, லூர் மட்டும் ஏரிக்குப் போகும். 80 பவுண்டு நூல் சுலபத்தில் அறுவதில்லை. மிச்சமிருப்பது ராடு.

நூல் நிற்பதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. காற்றடிக்கும்போது பிரெய்டு நுனி கைடில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும்; கவனிக்காமல் வீசினால் நுனி போச்சு. ஸ்பூலிலிருந்து (ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளை) கட்டை விரலை எடுக்கத் தாமதித்தாலும் அதே கதிதான். நவம்பரில் வந்தால் கைடு வளையத்தில் பனிக்கட்டி உறைந்து துளை அடைத்துக்கொள்ளும். நான் பத்து வீச்சுக்கு ஒரு தடவை ராடைத் தண்ணீருக்குள் முக்கிக் கரைக்கிறேன். விரலால் நெம்புவதில்லை, கைடின் பீங்கான் வளையம் பெயர்ந்துவிடும். லீடரை, அதாவது மீன் பல் அறுக்காதபடி லூருக்கு முன்னால் கட்டும் உறுதியான துண்டை, நுனி கைடுக்குள் இழுத்துக்கொண்டு வீசுவதும் ஆபத்து. முடிச்சு அதில் தட்டி நிற்கும்.

வீசும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணத்தில், குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் வீச்சு வலை போடுகிறவர்களைச் சிறுவயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒருவரும் கையால் வீசுவதில்லை. இடுப்பைத் திருப்பி, வலையின் எடையை முதலில் முதுகுப் பக்கம் போகவிட்டு, அது தானாகக் கனக்கிற நொடியில் உடம்பைத் திருப்புவார்கள். வலை பூவாக விரியும். கனமான லூருக்கும் அதே வித்தைதான். நுனியிலிருந்து ஒன்றரை, இரண்டடி நூல் தொங்க விடுங்கள். லூரை மெதுவாகப் பின்னால் கொண்டுபோங்கள். அது பின்னால் போய், நூல் இறுகி, ராடு வளைந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு முன்னால் தள்ளுங்கள். சாட்டை சொடுக்குகிற மாதிரி மணிக்கட்டால் சுண்டாதீர்கள். நூல் தொய்வாக இருக்கும்போது சுண்டினால் அதுவே ஒரு அடி. லூர் பறந்ததும் ராடு நுனியை அது போகும் திசைக்கு இறக்குங்கள். அப்போது இடையில் நூல் சிக்கினாலும் இழுப்பு நேராக ரீலுக்குப் போகும், நுனி தப்பிக்கும். ராடை வானத்துக்கு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றால் எல்லா அடியும் அதற்குத்தான்.

பேக்லாஷ் அடிக்கடி விழுகிறது என்றால், லூர் மாற்றும்போதெல்லாம் ரீலின் பக்கவாட்டுக் குமிழை இறுக்கிச் சரிபார்க்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 2 அவுன்ஸுக்கு வைத்த அளவில் 5 அவுன்ஸை வீசினால் ஸ்பூல் பைத்தியம் பிடித்துச் சுற்றும்.

கேள்வி: ராடில் எழுதியிருக்கும் அவுன்ஸ் கணக்கை நம்பலாமா? நண்பர் ஒருவர் 3–8 அவுன்ஸ் ராடில் 10 அவுன்ஸ் வீசுகிறார், ஒடியவில்லை. எனக்கும் பெரிய ரப்பர் லூர்கள் வீச ஆசை. — மில்வாக்கி வாசகர்

பதில்: எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று கிடையாது. ஒரு கம்பெனியின் 'எக்ஸ்ட்ரா ஹெவி' இன்னொரு கம்பெனிக்கு வெறும் 'ஹெவி'. அதனால் மேல் எண்ணை எல்லைக்கோடாக நினைக்காதீர்கள்; அந்த எண்ணில் முக்கால் பங்குதான் நாள் முழுக்க வீசத் தோதானது என்பது என் கணக்கு. 3–8 போட்டிருந்தால் 6. எட்டை எப்போதாவது வீசலாம்.

நண்பரின் ராடு ஒடியவில்லை என்றா சொல்கிறீர்கள்? இன்னும் ஒடியவில்லை என்று சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு வீச்சு என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு 480. அந்தப் பத்தாயிரம் வீச்சுக்குச் சுமார் இருபது நாள். ஒவ்வொரு வீச்சும் ராடின் கணக்கில் கொஞ்சம் செலவு வைக்கும்.

லூரின் எடையைப் பெட்டியில் பார்த்து நம்பாமல் நிறுத்துப் பாருங்கள். என் மனைவி கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு ஐந்து வருடமாகக் கராஜில்தான் இருக்கிறது. வால் மயிர் வைத்த பக்டெயில் லூரை நனைத்துவிட்டு நிறுங்கள். உலர்ந்ததற்கும் நனைந்ததற்கும் வித்தியாசம் தெரியும். பெரிய ரப்பர் லூர் என்கிறீர்களே, புல் டாக் வகையில் 'பவுண்டர்' என்றே ஒன்று விற்கிறது. பேரிலேயே எடை இருக்கிறது: ஒரு பவுண்டு, கிட்டத்தட்ட அரைக் கிலோ. அதை வீச அதற்கென்றே செய்த ராடு வேண்டும். ஒன்பதடியோ அதற்கு மேலோ, மேல் எண் 16 அவுன்ஸாவது போட்டதாக. உங்கள் தோளும் ஒரு பாகம்தான், அதற்கு கம்பெனி மாற்றுத் தராது. எனக்கு 53 வயது. பவுண்டரை அரை மணி நேரம் வீசுவேன், பிறகு பக்டெயிலுக்கு வந்துவிடுவேன்.

ராடின்மேல் ஐஎம்6, ஐஎம்8 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அவை தர முத்திரை அல்ல. ஒரு நார் தயாரிப்பாளரின் சரக்குப் பெயர்களாக ஆரம்பித்தவை. எண் கூடினால் பலம் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள். விறைப்பு கூடிய நாரில் அதே வேலைக்குச் சுவரை மெல்லியதாகச் செய்ய முடியும். ராடு லேசாக இருக்கும், நசுங்கலுக்குப் பயப்படும். அடிபடும் என்று தெரிந்தே வாங்குகிறீர்கள் என்றால் கண்ணாடி நார் கலந்த ராடைப் பாருங்கள். கனம் அதிகம், மந்தமாக வளையும், ஆனால் பொறுமைசாலி. விஸ்கான்சினில் இருந்துகொண்டு கண்ணாடி நாரைச் சந்தேகப்படக் கூடாது. ஹேவர்ட் ஊரின் மீன்பிடி அருங்காட்சியகத்தில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு மஸ்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதே, அதன் வாய்க்குள் நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அதுவும் கண்ணாடி நார்தான்.

கேள்வி: அண்ணா, நான் மீன் பிடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் பிடிக்கிறார், அதாவது பிடிப்பதாகச் சொல்கிறார். இரண்டு வருடத்தில் மூன்று ராடு ஒடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் 250 டாலருக்குக் குறையாது. "பெரிய மீன் தாக்கியது" என்கிறார். மீனை நான் பார்த்ததில்லை. நான்காவது ராடுக்குப் பணம் கொடுக்கலாமா? — பெயர் வேண்டாம், ரோசெஸ்டர்

பதில்: தங்கையே, குடும்பத்தில் தலையிடக் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

மினசோட்டாவின் சாதனை மஸ்கி 2021 நவம்பர் 22 அன்று மில் லாக்ஸில் நோலன் ஸ்ப்ரெங்கெலர் என்பவர் பிடித்தது. 55 பவுண்டு 14.8 அவுன்ஸ், அதாவது 25 கிலோவுக்கு மேல். நீளம் 57¾ அங்குலம். 1957-லிருந்து நின்ற 54 பவுண்டு சாதனையை அது முறித்தது. அவ்வளவு பெரிய மீன் இழுத்தாலும் ராடு ஒடிய வேண்டிய அவசியமில்லை. ரீலில் டிராக் என்று ஒன்று இருக்கிறது. மீன் பலமாக இழுத்தால் அது நூலை விட்டுக்கொடுக்கும். டிராக்கை முழுக்க இறுக்கிப் பூட்டிவைத்தாலோ, மீன் படகடிக்கு வந்த பிறகு ராடைச் செங்குத்தாகத் தூக்கினாலோதான் வம்பு. செங்குத்தாகத் தூக்கினால் வளைவு முழுக்க மேல் ஒன்றிரண்டு அடியில் போய்ச் சேரும். அந்தப் பகுதி ஒல்லி.

இப்போது கராஜுக்குப் போய் மூன்று உடைந்த ராடுகளையும் பாருங்கள். நுனியிலிருந்து ஒரு சாண் அளவில் ஒடிந்திருந்தால் கார் கதவு, கராஜ் கதவு, வீட்டுக்குள் என்றால் மின்விசிறி. இந்த மூன்றுக்கும் மீன் என்று பெயர் வைப்பது எங்கள் குலவழக்கம், நானும் வைத்திருக்கிறேன். நடுவில் ஒடிந்திருந்தால், அவர் படகில் ராடுகளை எப்படி வைக்கிறார் என்று நேரில் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போய் வாருங்கள். 250 டாலர் கொடுங்கள், ஆனால் அதில் 15 டாலருக்கு ராடுக்குப் போடும் வலை உறையும் கொக்கிகளை மூடும் லூர் உறையும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

கேள்வி: அபார்ட்மென்டில் இருக்கிறோம், கார் கொரோலா. ஒன்பதடி ஒற்றைத் துண்டு ராடை எங்கும் வைக்க முடியாது. இரண்டு துண்டு ராடு வாங்கினால் இணைப்பில் ஒடியும் என்று பயமுறுத்துகிறார்கள். — மேடிசன் வாசகர்

பதில்: ஒடியும், இணைப்பு தளர்ந்திருந்தால். கனமான லூரை நூறு தடவை வீசும்போது இரண்டு துண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி விலகும். கால் அங்குலம் விலகினாலும் வளைவின் சுமை முழுக்க உறைபோல மூடியிருக்கிற துண்டின் வாயில் போய் உட்காரும். அந்த வாய் பிளக்கும். நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருந்தால் இதுதான் காரணம்.

உள்ளே போகும் துண்டில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள். இணைக்கும்போது கைடு வளையங்கள் நேர்க்கோட்டுக்குக் கால் சுற்றுத் தள்ளி இருக்கும்படி நுழைத்து, அழுத்திக்கொண்டே திருகி நேராக்குங்கள். அரை மணிக்கு ஒரு தடவை கையால் திருகிப் பாருங்கள். நான் டீ குடிக்கும்போதெல்லாம் பார்ப்பேன், அதனால் மறப்பதில்லை. கைப்பிடி மட்டும் தனியாகக் கழலும் ராடுகளும், மேல் பாதி கைப்பிடிக்குள் இறங்கிக்கொள்ளும் ராடுகளும் வருகின்றன. கொரோலாவுக்கு என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

கேள்வி: நடுவில் ஒடிந்த ராடை எபாக்ஸி போட்டு ஒட்டலாமா? — செயின்ட் பால் வாசகர்

பதில்: உள்ளே ஒரு கார்பன் குச்சி, வெளியே நூல் கட்டு, அதன்மேல் எபாக்ஸி என்று ஒட்டலாம். சின்ன மீனுக்கு, மிதவை போட்டு உட்கார்ந்திருக்க அது போதும். மஸ்கி லூர் வீச வேண்டாம். ஒட்டிய இடம் முரட்டு விறைப்பாகிவிடும், அதன் இரண்டு ஓரத்திலும் ராடு மறுபடி ஒடியும். ஒட்டிய ராடு வீச்சில் ஒடிந்தால் மூன்று கொக்கியுடன் அரைப் பவுண்டு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. பக்கத்தில் ஆள் இருக்கிறார்.

நுனி மட்டும் போனதென்றால் கவலை வேண்டாம். மெல்லிய பல் உள்ள ரம்பத்தால் நேராக்கி, புது நுனி கைடை உருகும் பசையால் ஒட்டினால் ராடு இரண்டு அங்குலம் குட்டை, அவ்வளவே. அறுக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஒடிந்த வாயை வெறும் கையால் தடவாதீர்கள். கார்பன் சிலாம்பு தோலுக்குள் போனால் முள் எடுக்கிற மாதிரி சுலபமாக வராது. இதைச் சொல்லும்போது இன்னொன்று: கார்பனில் மின்சாரம் பாயும். இடி சத்தம் கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். படகு இறக்கும் இடத்தில் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள்.

ஒடியாத ராடைச் சோதிக்க ஒரு வழி: பஞ்சை எடுத்து முழு நீளத்துக்கும் உருவுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே நார் எழும்பியிருக்கிறது. கைடு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டுத் திருப்புங்கள். பீங்கானில் விரிசல் இருந்தால் நூலை அறுக்கும்முன் பஞ்சு சொல்லிவிடும்.

கேள்வி: அப்பா திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். தாமிரபரணிக் கால்வாயில் விரால் பிடிக்கிறவர். அவருடைய விரால் ராடையும் பெட்டியில் கொண்டு வந்துவிட்டார். அதில் மஸ்கி வீச வேண்டும் என்கிறார். வேண்டாம் என்றால் கோபப்படுகிறார். — ப்ளூமிங்டன் வாசகி

பதில்: அப்பாவிடம் ராடில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். விரால் தவளை லூருக்கான ராடு பெரும்பாலும் 10–30 கிராம் என்று போட்டிருக்கும். மஸ்கி லூர் பலவும் 85 கிராமோ அதற்கு மேலோ. முதல் வீச்சிலேயே போய்விடும், ஊரிலிருந்து கொண்டு வந்த ராடு போனால் உங்கள் வீட்டில் மூன்று மாதமும் அதே பேச்சாக இருக்கும்.

அந்த ராடுக்கு இங்கே வேலை இல்லாமல் இல்லை. அல்லி இலை மூடிய ஓரங்களில் லார்ஜ்மவுத் பாஸ் மீன் தவளை லூரை அடிக்கிற அடி இருக்கிறதே, விரால் பிடித்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தண்ணீர் வெடிக்கும், இரண்டு எண்ணிவிட்டு இழுப்பார். நூல் முனையில் ஒரு சாண் கம்பி லீடர் மட்டும் போட்டுக் கொடுங்கள், பைக் மீன் கடித்து நூலை அறுத்துவிடும். 16 வயதுக்கு மேற்பட்ட வெளியூர்க்காரர் என்பதால் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். மினசோட்டாவில் 24 மணி நேரம், 72 மணி நேரம், ஏழு நாள் என்று குறுகிய கால லைசென்ஸ்கள் உண்டு.

மஸ்கி வீசியே ஆக வேண்டும் என்றால் உங்கள் ராடைக் கையில் கொடுத்து, 3 அவுன்ஸ் பக்டெயிலை மாட்டி, படகில் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் ஊருக்குத் திரும்பும்போது விரால் ராடைத் துணிக்கு நடுவில் செருகி அனுப்பாதீர்கள். கடையில் ஒன்றரை அங்குல பிவிசி குழாய் வாங்கி, ராடு நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு அதற்குள் வைத்து அனுப்புங்கள்.